பலெர்மோவில் பார்த்த எபிரேயப் படம்

எனக்கு எபிரேயம் தெரியும் என்பது எங்கள் குடும்பத்தில் ஒரு பகிடி. "அப்ப பழைய ஏற்பாட்டை நேரடியா வாசிப்பியோ?" என்று கொழும்பில் எங்கள் பங்குச் சுவாமி ஒருமுறை கேட்டார். எனக்குத் தெரிந்த எபிரேயம் தீர்க்கதரிசிகள் பேசியது அல்ல. மருந்துக் குளிசை போட்டாச்சா, தண்ணீர் சூடு போதுமா, டிவியைக் கொஞ்சம் குறைக்கட்டுமா என்ற வகை. ஹைஃபா நகரத்தில் ஏழு வருடம், ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவரைப் பராமரித்தேன். அவருக்குக் காது மந்தம். தொலைக்காட்சியைத் தெருவுக்கே கேட்கும்படி வைப்பார். நாடகமும் படமும் செய்தியும் ஏழு வருடம் காதில் விழுந்தால் கல்லுக்கும் மொழி வந்துவிடும்.

அவர் இறந்த பிறகு கொழும்புக்குத் திரும்பினேன். பேச ஆளில்லாத மொழி ஒன்று எனக்குள் அப்படியே தங்கிவிட்டது. அவர் பஸ் ஓட்டிய பாதையின் தரிப்பிடங்களை எனக்கு வரிசையாக ஒப்புவிப்பார். இப்போதும் சமைக்கும்போது சில நாள் அந்தப் பெயர்களை நானே சொல்லிக்கொள்வேன். அந்த வீட்டில் நான் நிறைய அழுதிருக்கிறேன். ஆனாலும் அதை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

இந்த வருடம் செப்டெம்பரில் அஞ்சலா அழைத்தாள். அஞ்சலா என் சித்தியின் மகள் ஜெசிந்தாவின் பிள்ளை. ஜெசிந்தா பலெர்மோவுக்குப் போய் இருபத்திரண்டு வருடம். மன்னாரில் நாங்கள் இருவரும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் மாதிரித்தான், அவள் எனக்கு மூன்று வயது இளையவள் என்றாலும்.

"பெரியம்மா, உங்களுக்கு எபிரேயம் தெரியும்தானே? ஒக்டோபர் கடைசியில வாங்கோ. அம்மாவோட ஒரு படம் பார்க்கவேணும்" என்றாள்.

ஒரு படம் பார்க்க இத்தாலிக்கா என்று கேட்கத்தான் வாய் வந்தது. ஆனால் அந்தப் பிள்ளையின் குரலில் விளையாட்டு இருக்கவில்லை. விசா எடுத்த கதையை எழுதினால் அது தனிப் புத்தகமாகும், ஆகவே விட்டுவிடுகிறேன்.

புதன்கிழமை மத்தியானம் விமான நிலையப் பஸ் என்னை இறக்கிவிட்ட இடத்தில் ஜெசிந்தாவின் கணவர் அன்ரன் ஸ்கூட்டரோடு நின்றார். என்னைப் பார்த்தார், என் பெட்டியைப் பார்த்தார், ஸ்கூட்டரைப் பார்த்தார். "அக்கா, ரெண்டில ஒண்டுதான் ஏத்தலாம்" என்றார். பெட்டி ஏறியது. நான் பின்னால் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அந்த ஊர்வலத்தை அவர்கள் குடியிருக்கும் போர்கோ வெக்கியோப் பகுதி முழுக்க நின்று பார்த்தது. பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் கீழே குனிந்து, "பெட்டிக்கு வழி தெரியுமா, அம்மா?" என்று கேட்டதாக அன்ரன் மொழிபெயர்த்தார்.

மூன்றாம் மாடி வீடு. கதவைத் திறந்ததும் மாசிச் சம்பல் மணம். ஜெசிந்தா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "மெலிஞ்சு போட்டீங்களக்கா" என்று பச்சைப் பொய் சொன்னாள். அவள்தான் மெலிந்திருந்தாள். அவளது தோளுக்கு மேலால் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன். நிரோஷன்.

அவன் அவளுடைய மூத்த பிள்ளை. பத்து வயதில் விடுமுறைக்குக் கொழும்புக்கு வந்தபோது என் வீட்டில் ஒரே இருப்பில் ஒன்பது றோல்ஸ் சாப்பிட்டுவிட்டு, "பெரியம்மா, இதை எங்கட ஊரில சோற்றில செய்வினம், உருண்டையா" என்று எனக்குச் சமையல் வகுப்பு எடுத்தவன். அவனுக்கு ‘எங்கட ஊர்’ பலெர்மோ. நாலரை வருடத்துக்கு முன், பதினாறு வயதில், பள்ளிக்கூடச் சிநேகிதர்களோடு கடலில் குளிக்கப் போய் மூழ்கிப்போனான். அன்றைக்கு நான் தொலைபேசியில் ஜெசிந்தாவோடு கதைக்கவில்லை. இருபுறமும் அழுதோம், அவ்வளவுதான். அதற்குப் பிறகும் அவள் அவனைப் பற்றிக் கதைத்ததில்லை. மன்னாரில் அமாவாசை இருட்டில் பேய்க்கதை சொல்லி எங்கள் எல்லாரையும் அலற வைத்தவள், வாய் ஓயாதவள், அந்த ஒரு விசயத்தில் மட்டும் ஊமையாகிவிட்டாள்.

வியாழக்கிழமை காலை ஜெசிந்தா வேலைக்குப் போய்விட்டாள். பெரிய வீடொன்றில் வயதான சிஞ்ஞோராவுக்கு, அதாவது வீட்டு எசமானிக்கு, சமைத்துத் துப்புரவு செய்கிற வேலை. அஞ்சலாவுக்குப் பள்ளிக்கூடம் அன்றைக்கு இல்லையாம். ஏன் இல்லை என்று நான் கேட்கவில்லை. அவள் என்னை வுச்சீரியாச் சந்தைக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே ஒரு வண்டிக்காரர் கடலைமாவை மெல்லிய துண்டுகளாகப் பொரித்து, எள்ளுப் பாணுக்குள் அடுக்கிக் கொடுத்தார். பெயர் பனெல்லே. எங்கள் கடலை வடைக்கு உறைப்பு மறந்துபோனால் எப்படியிருக்கும், அப்படி. பக்கத்து வண்டியில் மாட்டின் மண்ணீரலைப் பன்றிக் கொழுப்பில் வதக்கிக்கொண்டிருந்தார்கள். நான் எதையும் சாப்பிடுகிறவள். ஆனால் அந்த வாசனைக்கு முன் மரியாதையாக ஒதுங்கிவிட்டேன்.

கடைக் கண்ணாடிகளுக்குள் எல்லாம் சீனியில் வார்த்த பொம்மைகள் நின்றன. குதிரை வீரன், நடனக்காரி, கடற்கன்னி. பக்கத்தில் பாதாம் மாவில் செய்து வர்ணம் தீட்டிய பழங்கள். இதெல்லாம் யாருக்கு என்று கேட்டேன்.

"செத்தவை கொண்டாறது" என்றாள் அஞ்சலா, நத்தார் தாத்தாவைப் பற்றிச் சொல்வதுபோல இயல்பாக. "நவம்பர் ரெண்டாம் தேதி விடிய, அந்தந்த வீட்டில செத்துப்போன ஆக்கள் பிள்ளையளுக்கு இனிப்பு, விளையாட்டுச் சாமான் எல்லாம் ஒளிச்சு வச்சிட்டுப் போவினம். பிள்ளையள் எழும்பித் தேடி எடுக்கிறது. இஞ்சை எல்லா வீட்டிலயும் செய்யிறவை."

"உங்கட வீட்டிலயுமோ?"

"முந்தி இல்லை. அண்ணா செத்த வருஷம்தான் அம்மா தொடங்கினவ." அவள் பாணைக் கடித்தாள். "மற்றப் பிள்ளையளுக்குப் பதினொரு பன்னிரண்டு வயதோட விட்டிடுவினம், பெரியம்மா. எனக்கு அந்த வயதிலதான் தொடங்கினது. ஒவ்வொரு வருஷமும் ஒரு கூடை. ‘அண்ணா கொண்டந்தவன்’ எண்டு சொல்லுவா. சீனிப் பொம்மை, கலர் பென்சில், ஒரு சோடி சப்பாத்து. போன வருஷச் சப்பாத்தும் முப்பத்தஞ்சாம் அளவு. என்ர கால் முப்பத்தொன்பது."

நான் அவள் காலைப் பார்த்தேன். உயரமான பிள்ளை. என்னைவிட ஒரு சாண் உயரம்.

"ஓகஸ்ட்டில நான் அண்ணாவைத் தாண்டிட்டன்" என்றாள். "நாள் எண்ணிப் பார்த்தனான். அவர் இருந்ததைவிட இப்ப நான் கூட நாள் இருந்திட்டன்."

இந்தப் பிள்ளை தன் அறைக்குள் தனியாக இருந்து நாட்காட்டியில் இதை எண்ணியிருக்கிறது. வீட்டில் எவருக்கும் தெரியாது.

பிறகுதான் காகிதத்தை எடுத்தாள். பள்ளிக்கூடத்துச் சம்மதக் கடிதம். வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் நாப்போலிக்குச் சுற்றுலா போகிறார்கள், கப்பலில். ஜெசிந்தா கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். கடல் என்றால் கடல்தான், குளித்தால் என்ன கப்பலில் போனால் என்ன என்பது அவள் வழக்கு. ஜெசிந்தா போடாமல் நான் போடமாட்டேன் என்று அன்ரன் ஒதுங்கிக்கொண்டார். திங்கட்கிழமை கடைசி நாள்.

"படத்துக்கும் இதுக்கும் என்ன?"

"அந்தப் படத்தை ரீச்சர் எங்களுக்குக் காட்டினவ. நான் முழுக்க அழுதனான். அம்மா அதைப் பார்க்கவேணும். கீழ இத்தாலியன் எழுத்து ஓடும், ஆனா அம்மாவால அவ்வளவு கெதியா வாசிக்க ஏலாது. நீங்க பக்கத்தில இருந்து தமிழில சொல்லுங்கோ."

"நீயே சொல்லலாமே, பிள்ளை?"

"எனக்குத் தமிழில அம்மாவோட சண்டை பிடிக்கத் தெரியும்" என்றாள். "இதைக் கதைக்கத் தெரியாது."

ஏழு வருடம் குளிசை நேரம் சொல்லிப் பழகிய என் எபிரேயத்துக்கு இப்படி ஒரு உத்தியோகம் வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் படம். கபோ சந்தைக்குப் பின்னால், பாவனையில் இல்லாத ஒரு சிறிய தேவாலயத்தைத் திரைப்படக் கழகம் ஒன்று மண்டபமாக்கி வைத்திருந்தது. ஒவ்வொரு வருடமும் இந்தக் கிழமையில் இறந்தவர்கள் திரும்பி வருகிற படங்களாகப் பார்த்துப் போடுவார்களாம். ஜெசிந்தாவிடம், "அக்காவுக்கு எபிரேயப் படம் பார்க்க ஆசை" என்று சொல்லி வைத்திருந்தோம். அவள் என் முகத்துக்காக வந்தாள்.

ஏறிய பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. தெருவில் நிறுத்திய கார்களுக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசையாக ஒரு சின்னக் காரை யாரோ விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சாரதி ஹோர்னில் கையை வைத்தவர் எடுக்கவேயில்லை. கடைசியில் நாலு பயணிகள் இறங்கி, காரை இரண்டு பக்கமும் பிடித்து உலுப்பி உலுப்பித் தூக்கி நடைபாதையில் ஏற்றினார்கள். அப்போதுதான் சவரக் கடையிலிருந்து பாதி முகத்தில் நுரையோடு காரின் சொந்தக்காரர் ஓடிவந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தால், "இப்படிக் கோணலாகவா வைப்பது!" என்று அவர்களைத் திட்டினார். ஹைஃபாவில் என் கிழவர் இருந்திருந்தால் இறங்கிப்போய் மற்றப் பாதிக்கும் நுரை பூசியிருப்பார். அவரை நினைத்துச் சிரித்துக்கொண்டே, நாங்கள் மூவரும் இறங்கி, மீன்காரர்கள் கழுவிவிட்ட தண்ணீரில் வழுக்கி வழுக்கி ஓடினோம். முதல் காட்சி தொடங்கும்போது போய்ச் சேர்ந்தோம்.

படத்தின் பெயரைத் தமிழில் ‘நாலாவது கதிரை’ என்று சொல்லலாம். பாலைவன ஓரத்தில் ஒரு சின்ன ஊர். ஒன்பது வயதுச் சிறுமி, அவளுடைய தாய், தகப்பன். பன்னிரண்டு வயது அண்ணன் மழைவெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய்ச் செத்துவிட்டான். பதின்மூன்று வயதில் ஆண்பிள்ளையைப் பெரியவனாக்கும் சடங்குக்கு அவர்கள் நாள் குறித்திருந்தார்கள். அதற்கு ஒரு மாதம் இருக்கும்போது. ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், தாய் மெழுகுதிரி ஏற்றிக் கண்ணைப் பொத்திக்கொண்டு செபிக்கும் நேரம், அவன் வருகிறான். தலையிலிருந்து நீர் சொட்ட வந்து நாலாவது கதிரையில் இருக்கிறான். சிறுமிக்கு மட்டும்தான் தெரிகிறான். மற்றவர்களுக்குத் தெரிவது தரையில் தேங்கும் தண்ணீர். தாய் அதைத் துடைத்துவிட்டு மகளைத் திட்டுகிறாள்.

பேய்ப்படம் என்றுகூடச் சொல்ல முடியாது. அண்ணனும் தங்கையும் மேசைக்கு அடியில் கால்களால் உதைத்துச் சண்டை பிடிக்கிறார்கள். அவன் அவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறான். வருடங்கள் போகின்றன. அவள் பத்து, பதினொன்று, பன்னிரண்டு. அவன் அப்படியே.

நான் ஜெசிந்தாவின் காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்த மொழியைக் கேட்கிறேன். தாய் அடுப்படியில் முணுமுணுப்பதெல்லாம் எனக்கு அந்தக் கிழவரின் வீட்டு முணுமுணுப்பாக இருந்தது. ‘மெதுவா, சூடு’ என்று அவள் ஒரு இடத்தில் சொன்னபோது எனக்குக் கண் நிறைந்து, இரண்டு வசனங்களை விட்டுவிட்டேன். முன் வரிசையில் இருந்த ஒரு மூதாட்டி என் குசுகுசுப்பைக் கேட்டுத் திரும்பினாள். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்தேன். "உங்கள் மொழியிலும் சோகமாகத்தான் இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டாளாம். அஞ்சலா பிறகு சொன்னாள்.

கடைசிக் கட்டத்தில் சிறுமிக்குப் பதின்மூன்று. அண்ணனைவிட ஒரு தலை உயரம். தாய் இன்னமும் ஒவ்வொரு வெள்ளியும் தரையைத்தான் பார்க்கிறாள், மகளின் முகத்தைப் பார்ப்பதில்லை. அன்றைக்கு அண்ணன் வந்ததும் சிறுமி கதவைத் திறந்து பிடிக்கிறாள். பிறகு ஒரே ஒரு சொல் சொல்கிறாள். ‘லேக்.’ போ என்று அர்த்தம். அவன் போகிறான். அவள் நாலாவது கதிரையை மடக்கிச் சுவரில் சாத்துகிறாள். தாய் கண்ணைத் திறக்கிறாள். தரை காய்ந்திருக்கிறது. தேடித் தேடிப் பார்த்துவிட்டு, முதல்முறையாக நிமிர்ந்து மகளைப் பார்க்கிறாள். படம் முடிகிறது.

ஜெசிந்தா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். வெளியே வந்தபோது அவள் அழுதிருந்தாலும் முகம் தெளிந்திருந்தது. "நல்ல படமக்கா" என்றாள். "நல்ல பிள்ளை அது." சந்தை முனையில் இனிப்புக் கடைக்குள் நுழைந்து, கண்ணாடிக்குள் இருந்ததிலேயே பெரிய சீனிக் குதிரை வீரனைக் காட்டி அதைக் கட்டித் தரச் சொன்னாள். அஞ்சலா வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வீட்டுப் படியில் ஜெசிந்தா முன்னால் ஏறிப்போனதும் பிள்ளை என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பெரியம்மா, கடைசியில அந்தப் பிள்ளை சொன்னதை நீங்க என்னெண்டு சொன்னனீங்க?"

"போகச் சொன்னது. அதைத்தான் சொன்னன்."

"இல்லை. எனக்குக் கேட்டது. ‘போட்டு வா’ எண்டு சொன்னனீங்க."

சத்தியமாக எனக்குத் தெரியாது. அஞ்சலா சொன்ன பிறகுதான் என் குரல் எனக்கே காதில் கேட்டது. வாசலில் நிற்கிற ஒருவனைப் பார்த்து ‘போ’ என்று சொல்ல எங்கள் வாய்க்கு வராது. கடைக்குப் போகிறவனுக்கும், போய்விட்டு வா என்கிற அர்த்தத்தில், ‘போட்டு வா’, கடல் கடந்து போகிறவனுக்கும் ‘போட்டு வா’. ஹைஃபாவில் என் விடுமுறை நாளில் வாசலில் நின்று, ‘போய்விட்டு வருகிறேன்’ என்பதை அப்படியே எபிரேயத்தில் சொல்வேன். "போகிறாயா வருகிறாயா, ஒன்றைச் சொல்!" என்று கிழவர் கத்துவார். அப்போதெல்லாம் சிரித்தேன். ஒரே ஒரு சொல்லைச் சொல்வதற்காகக் கொழும்பிலிருந்து வந்து, அந்த ஒரு சொல்லையே கோட்டைவிட்டேன் என்றால் எனக்கு என்ன தண்டனை கொடுக்கலாம்?

"அம்மா என்ன நினைக்கிறா தெரியுமே? அவன் திரும்பத் திரும்ப வரவேணும் எண்டு அந்தப் பிள்ளையே கேட்டதாம். அதுதான் பெரிய பொம்மை." அஞ்சலா கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் மெல்லச் சொன்னாள். "இனி அவ கையெழுத்துப் போடமாட்டா."

சனிக்கிழமை சகல புனிதர் திருநாள். தமிழ்ப் பூசைக்குப் போனோம். பூசை முடிந்து பாதி மன்னாரும் தீவுப்பகுதியும் வாசலில் நின்று கதைத்தது. ஒருவர் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போய் நின்ற வரிசையைப் பற்றி, இன்னொருவர் மகளின் கல்யாணத்தைப் பற்றி. சுற்றி ஓடிய பிள்ளைகள் தமிழில் தொடங்கி இத்தாலியனில் முடித்தார்கள். ஜெசிந்தா நாலு பேருக்கு என்னை அறிமுகப்படுத்தி, "அக்கா படத்தை அப்பிடியே தமிழில சொன்னவ" என்று பெருமை அடித்தாள். ஒவ்வொரு முறையும் நான் கைப்பையைத் திறந்து எதையோ தேடினேன்.

அன்றைக்கு முழுக்கச் சொல்லச் சந்தர்ப்பம் இருந்தது. மீன் வெட்டும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். அவள் நிரோஷனைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டாள். நாலரை வருடத்தில் முதல்முறை. அவனுக்கு மீன் தலைதான் வேணும், அப்பாவோடு அதற்குச் சண்டை பிடிப்பான் என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எப்படிக் கெடுப்பது? நான் கோழை. தேசிக்காய் பிழிந்துகொண்டிருந்தேன். அஞ்சலா சாப்பிட்டுவிட்டு எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, இறந்தவர்களின் நாள். மேல்மாடியில் பிள்ளைகள் விடியற்காலையிலேயே தளபாடங்களை இழுத்துத் தேடும் சத்தமும், கண்டுபிடித்த கூச்சலும் கேட்டன. எங்கள் வீட்டில் கூடை அலுமாரிக்கு மேல் இருந்தது, எவரும் பார்க்கக்கூடிய இடத்தில். அஞ்சலா தேடவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு, "வெளிக்கிடுவமே?" என்றாள். ஜெசிந்தா கூடையை ஒருமுறை பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

அன்ரனுக்கு ஹோட்டல் சமையலறையில் வேலை. நாங்கள் மூவரும் பஸ்ஸில் போனோம். பஸ் முழுக்கச் செவ்வந்திப் பூ; ஆட்களின் முகம் தெரியவில்லை, பூக்கொத்துகள் ஒன்றோடொன்று கதைப்பதுபோல இருந்தது. கல்லறைத் தோட்டம் மலைக்கும் கடலுக்கும் நடுவில். அங்கே சுவர்களில் மாடி மாடியாக அறைகள் கட்டி அடக்கம் செய்திருந்தார்கள். மேல் வரிசையில் உள்ளவர்களுக்குப் பூ வைக்கச் சில்லுப் பூட்டிய உயரமான ஏணிகளைப் பெண்கள் தள்ளிக்கொண்டு போனார்கள். மன்னாரில் நாங்கள் மண்ணில் மெழுகுதிரி ஊன்றிக் காற்றோடு மல்லுக்கட்டுவோம். இங்கே எல்லாக் கல்லிலும் படம் பதித்திருக்கிறார்கள். இறந்தவர்கள் எல்லாரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நிரோஷனுடையது நெஞ்சளவு உயரத்தில். ஜெசிந்தா கல்லைத் துடைத்தாள். பக்கத்து அறைக்கு முன்னால் மடக்குக் கதிரை போட்டு ஒரு வயதானவர் இருந்தார். குறுக்கெழுத்துப் புதிரை நிரப்பிக்கொண்டு, ஒவ்வொரு கேள்வியையும் சத்தமாக வாசித்து, கல்லில் இருந்த மனைவியின் படத்தைப் பார்த்துக் கொஞ்சம் காத்திருந்து, பிறகு எழுதினார்.

அஞ்சலா தண்ணீர் பிடிக்கப் போன நேரம் நான் சொன்னேன். இனியும் சொல்லாவிட்டால் மனிசியில்லை.

"ஜெசி, படத்தில நான் ஒரு பிழை விட்டிட்டன். அந்தப் பிள்ளை ‘போட்டு வா’ எண்டு சொல்லேல்லை. ‘போ’ எண்டுதான் சொன்னது. இனி வராதை எண்ட மாதிரி. என்னை அறியாமல் மாத்திச் சொல்லிப்போட்டன்."

அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள். கோபம் வரும், அழுகை வரும் என்று பார்த்தேன்.

"தெரியுமக்கா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"கீழ ‘வாத்தெனே’ எண்டு பெரிசா போட்டிருந்தது. ஒரு சொல்லுத்தானே. இருபத்திரண்டு வருஷம் இஞ்சை இருக்கிறன், அதை வாசிக்கத் தெரியாதே எனக்கு? சந்தையில பூனையைக் கலைக்கிறதும் அந்தச் சொல்லுத்தான்." துணியை மடித்தாள். "நீங்க சொன்னதுதான் எனக்கு வேணுமாயிருந்தது. அதைப் பிடிச்சுக்கொண்டு வீட்டை போனன். அவ்வளவுதான்."

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கல்லறைத் தோட்டத்தில் இரண்டு பெண்கள் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பது யாருக்கும் புதினமில்லை.

அஞ்சலா தண்ணீரோடு வந்து பூச்சாடியில் ஊற்றினாள். அவள் முகமும் கல்லில் இருந்த முகமும் பக்கத்தில் பக்கத்தில். அதே மூக்கு, அதே புருவம். அரும்பு மீசையோடு பல் தெரியச் சிரிக்கும் ஒரு சின்னப் பெடியனுக்குப் பக்கத்தில் ஒரு குமர்ப்பிள்ளை நின்றது.

வயதானவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி இருவரையும் பார்த்தார். பிறகு அஞ்சலாவிடம் அன்பாக ஏதோ கேட்டார். அஞ்சலா பூச்சாடியிலிருந்த பூக்களைத் திரும்ப அடுக்கினாள்.

"என்ன கேக்கிறார்?" என்று நான் ஜெசிந்தாவைக் கேட்டேன்.

"உன்ர தம்பியோ எண்டு கேக்கிறார்."

கிழவருக்கு என்ன தெரியும், பாவம்! கண்ணால் கண்டதைக் கேட்டார். ஜெசிந்தா படத்தைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள், காலிலிருந்து தலைவரை, கடையில் துணி அளவு பார்ப்பவள்போல. நெடுநேரம் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பித் தன் உடைந்த இத்தாலியனில் நிதானமாகச் சொன்னாள். வீட்டுக்கு வரும் வழியில் அஞ்சலா எனக்கு அதைச் சொல்லித் தந்தாள்: "அப்போது இவன்தான் மூத்தவன். இப்போது இவள்."

கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

"அந்தக் கடுதாசியைக் கொண்டா" என்றாள் ஜெசிந்தா.

அஞ்சலா பையைத் திறந்தாள். நாலாக மடித்த காகிதம். பேனை எங்களிடம் இல்லை. கிழவர் தன்னுடையதை நீட்டினார். ஜெசிந்தா காகிதத்தைக் கல்லின் விளிம்பில் விரித்து, வரிக்கு அடியில் விரல் வைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தாள். பள்ளிக்கூடத்தின் பெயர். பிள்ளையின் பெயர். கப்பல் புறப்படும் நாள், நேரம். அங்கே விரல் கொஞ்சம் நின்றது. அடுத்த வரிக்கு வந்தாள்.

"இது என்ன? வாற நாளோ?"

"ஓம் அம்மா. திரும்பி வாற நாள்."

அந்த வரிக்குப் பக்கத்தில் இருந்த வெறும் இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள்.

"அம்மா, அதில இல்லை! கீழை, கோடு போட்டிருக்கிற இடத்தில!"

"அங்கையும் போடுறன்" என்றாள் ஜெசிந்தா. "முதல்ல இதில."

பிறகு கீழேயும் ஒன்று போட்டாள். கீழே போட்டது பள்ளிக்கூடத்துக்காக, இத்தாலிய எழுத்தில். மேலே போட்டது தமிழில்.